வீட்டில் ஏறும் ஓதமும் ஈரம் வாங்கும் இயந்திரமும்



பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார்கள் சில காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "டீச்சர், வீட்டில் உள்ள ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற மெஷின் ஒன்று விற்கிறார்களே, தவணைக்கும் தருகிறார்களாம். வாங்கலாமா?" மேரு, காப்பார் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் குடியிருப்பவர்களும் கேட்கிறார்கள், தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறியவர்களும் கேட்கிறார்கள். அது சில நூறு வெள்ளி விலையுள்ள பொருள். மாதச் சம்பளத்தில் பள்ளிப் பேருந்து, பால்மாவு, மின்சாரக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்பது எனக்கும் தெரியும். ஆகையால், வாங்கு என்றோ வாங்காதே என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியவில்லை. யார் வீட்டுக்கு அது உதவும், யார் வீட்டில் அது வீண் என்பதை இன்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் உங்கள் சமையலறைக்குப் போங்கள். உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு பொலபொலவென்று இருக்கிறதா, நசநசத்துப் போயிருக்கிறதா? காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்ற அளவைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து நீர்த்துப்போகும். அதற்குக் கீழே இருந்தால் காய்ந்தே இருக்கும். நம் பாட்டிமார் உப்பு நீர்த்ததைக் கண்டதும் "மழை வரும்" என்றார்கள். அவர்கள் கையில் கருவி எதுவும் இல்லை. ஆனால் சரியான கருவியைத்தான் பார்த்தார்கள். நமத்துப்போன அப்பளமும் உரசினால் பற்றாத தீக்குச்சியும் அதே சேதியைத்தான் சொல்கின்றன.

நூற்றுக்கு 75 என்றால் என்ன? காற்று ஒரு துணி மாதிரி. அது இவ்வளவு தண்ணீரைத்தான் தாங்கும் என்று ஓர் அளவு உண்டு. சூடான காற்று அதிகம் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதே ஈரப்பதம். நம் கிள்ளான் பக்கத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வெயில் கொளுத்தும் பிற்பகலில் ஈரப்பதம் 60 அளவுக்கு இறங்கும். இரவில் காற்று குளிரக் குளிர 90க்கு மேல் ஏறிவிடும். விடியற்காலையில் செம்பனை ஓலையில் நீர் சொட்டுகிறதே, மழை பெய்யாத நாளிலும் சொட்டுகிறதே, அது இந்தக் கணக்குத்தான்.

பூசணத்துக்கு வேண்டியது இந்த ஈரம்தான். இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் இருந்த காலத்தில் பால்வெட்டி, ஷீட்டு அடித்து, அதை ஏன் புகைக்கூடத்தில் நாள்கணக்கில் தொங்கவிட்டோம்? ஈரத்தோடு கட்டினால் ஷீட்டில் பூசணம் பூக்கும். பூசணம் பூத்தால் தரம் இறங்கும். தரம் இறங்கினால் விலை விழும். ஷீட்டுக்கு அவ்வளவு கவனம் எடுத்தவர்கள், அதை அடித்தவர்கள் படுக்கும் அறைக்கு அதே கவனத்தை எடுத்தார்களா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசைமேல் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் போத்தலின் வெளிப்புறம் வேர்த்துத் தண்ணீர் வழிகிறது. அந்தத் தண்ணீர் போத்தலுக்குள்ளிருந்து வந்தது அல்ல. அறையின் காற்றிலிருந்து வந்தது. போத்தலை ஒட்டிய காற்று குளிர்ந்து, தாங்க முடியாத தண்ணீரைக் கீழே விட்டுவிட்டது. ஈரம் நீக்கும் இயந்திரத்துக்குள் இருப்பதும் இதுதான். ஐஸ்பெட்டியில் உள்ளது போன்ற ஒரு கம்பிரசர், ஒரு குளிர்ந்த குழாய்ச் சுருள், காற்றை அதன்மேல் இழுக்க ஒரு காற்றாடி, சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு தொட்டி. தண்ணீரை விட்ட காற்று இன்னொரு சூடான சுருளின் வழியாக அறைக்குத் திரும்பும். அதனால் அறை குளிராது. ஒன்றிரண்டு டிகிரி சூடாகும். "வாங்கி வைத்தோம், குளிரவே இல்லையே" என்று பழுது பார்ப்பவரைக் கூப்பிட வேண்டாம். அது குளிர வைப்பதற்கு உள்ள இயந்திரம் அல்ல.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. இன்று நாம் ஏர்கோன் என்று சொல்லும் பெட்டி பிறந்ததே குளிருக்காக அல்ல, ஈரத்துக்காக. 1902ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். கோடைக்காலத்து ஈரக் காற்றில் தாள் விரிந்தது, சுருங்கியது; ஒரு நிறத்தின்மேல் மறு நிறம் பொருந்தவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருளின்மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தை அடக்க வழி வகுத்தார். ஆகையால், வீட்டில் ஏற்கெனவே ஏர்கோன் இருப்பவர்கள் தனியாக இன்னொரு பெட்டி வாங்குமுன் ரிமோட்டைப் பாருங்கள். பலவற்றில் தண்ணீர்த் துளி படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அது இந்த வேலைக்குத்தான்.

இப்போது ஒரு கணக்கு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் போடக்கூடிய கணக்குத்தான். பென்சில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தடி நீளம், பத்தடி அகலம், ஒன்பதடி உயரமுள்ள ஒரு படுக்கையறை. வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 80 என்று வைத்துக்கொள்வோம். அந்த அறையின் காற்று முழுவதிலும் உள்ள தண்ணீர் எவ்வளவு தெரியுமா? சுமார் அரை லிட்டர். அவ்வளவுதான். ஈரப்பதத்தை 80லிருந்து 60க்கு இறக்க அதிலிருந்து எடுக்க வேண்டியது சுமார் 140 கிராம், ஒரு டீ கிளாஸ் தண்ணீர். அப்படியானால் விற்பனைக்காரர் "ஒரே இரவில் வாளி நிரம்பிவிடும், பாருங்கள்" என்று காட்டும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் மெத்தையிலிருந்தும் துணியிலிருந்தும் சுவரிலிருந்தும் வருகிறது. மீதி, வெளியிலிருந்து புகும் காற்றில் வருகிறது. சன்னலை மூடிய பிறகும் இடுக்குகளின் வழியே அறையின் காற்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுகிறது என்று வையுங்கள். மணிக்கு 140 கிராம். ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல். இதை ஒரு நடுத்தர இயந்திரம் சமாளிக்கும்.

பலகைச் சுவரும், சுவருக்கும் கூரைக்கும் நடுவே சாண் அளவு இடைவெளியும் உள்ள தோட்டத்து வீட்டில் காற்று மணிக்கு ஒரு முறையா மாறும்? பத்து முறை மாறினால் ஒரு நாளைக்கு 33 லிட்டர். வீட்டுக்கென்று விற்கும் சாதாரணப் பெட்டிகளால் அது ஆகாது. வாளி நிரம்பத்தான் செய்யும், கரண்டு மீட்டர் ஓடத்தான் செய்யும். உப்பு மட்டும் நீர்த்தே இருக்கும். தோட்டம் முழுவதையும் காய வைக்க முயலும் வேலை அது. எனவே பலகை வீட்டுக்காரர்களுக்கு என் பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் கூரைக்கு ஒரு தகரம், ஒரு மின்விசிறி, படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்த ஒரு கட்டில் வாங்குவது நல்லது.

சிமெண்டுச் சுவரும் இறுக்கமாக மூடும் சன்னலும் கதவும் உள்ள அறையாக இருந்தால் இயந்திரத்துக்கு வேலை உண்டு. ஆனால் அங்கேயும் அவசரப்படக்கூடாது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது போல ஆகிவிடக் கூடாது. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

மேலிருந்து வருகிறதா என்பது மழை பெய்த மறுநாள் உத்தரத்தில் தெரியும் கறையைப் பார்த்தால் புரியும். கீழிருந்து வரும் ஓதம் வேறு மாதிரி. சுவரின் அடியிலிருந்து முழங்கால் அளவு, இடுப்பளவு வரை ஒரு கோடு போட்டதுபோல் நிறம் மாறியிருக்கும்; அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்துச் சாயம் உரியும். நம் வட்டாரம் தாழ்ந்த களிமண் நிலம். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் நிலத்தடி நீர் அடித்தளத்தைத் தொட்டுவிடும். மலாய்க் கம்பத்து வீடுகளைத் தூண்மேல் கட்டினார்களே, அதன் அடியில் காற்று ஓடியது. தரை ஈரம் வீட்டுக்குள் ஏறவில்லை. பிற்காலத்தில் சிமெண்டுத் தரையை மண்மேலேயே போட்டபோது அந்த நன்மை போயிற்று.

சுவருக்கு வெளியிலிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து படிகிறதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, ஈரம் காணும் இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு ஓரங்களையும் டேப் போட்டு இறுக ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கு உட்புறம், சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் தண்ணீர் சுவரின் வழியே வருகிறது. தாளின் வெளிப்புறம் ஈரமாக இருந்தால் அறையின் காற்றில் உள்ள நீர் படிகிறது. முதலாவதற்கு இயந்திரம் மருந்து ஆகாது, கொத்தனார்தான் மருந்து. இரண்டாவதற்கு இயந்திரம் உதவும்.

அறையின் காற்றில் அந்த நீர் எப்படிச் சேருகிறது? பெரும்பாலும் நாமே சேர்க்கிறோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஒரே அறையில் எட்டு மணி நேரம் மூடிக்கொண்டு தூங்கினால் மூச்சிலும் வேர்வையிலும் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. துவைத்த துணியை மழைக்குப் பயந்து அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டால் இன்னும் ஒன்றிரண்டு லிட்டர். பலருக்குத் தெரியாத ஒன்று, கேஸ் அடுப்பு. சமையல் வாயு எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி. 14 கிலோ தோம்பு ஒன்று தீர்ந்தால், இருபது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் உங்கள் சமையலறைக் காற்றில் கலந்துவிட்டது என்று அர்த்தம். சோற்றுப்பானையின் ஆவி இதில் சேரவில்லை! சமைக்கும்போது அடுப்பங்கரைச் சன்னலைத் திறந்து, படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

சன்னலைப் பற்றியும் ஒரு சொல். விடிந்ததும் எல்லாச் சன்னலையும் திறந்து வைப்பது நம் பழக்கம். ஈரத்தைப் போக்குவதுதான் நோக்கம் என்றால் அது சரியான நேரம் அல்ல. அப்போதுதான் காற்று முழுக்க நனைந்து இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு, பிற்பகல் மழைக்கு முன்பு திறந்து, காற்றாடியையும் போட்டுவிடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பின்னால் காற்றோட்டம் இல்லாத இடத்தில்தான் பூசணம் குடியேறுகிறது.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலாம் ஸ்ரீ மூடா முதல் நம் பக்கம் வரை வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் பலர் சீனப் புத்தாண்டு, தைப்பூசம் வருவதற்குள் சாயம் அடித்துவிட்டார்கள். சாயத்தின் அடியில் சுவர் ஈரமாகவே இருந்தது. சில வாரத்தில் கறுப்புப் புள்ளி வெளியே வந்தது. செங்கல் சுவர் ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் ஆகும் என்பது கட்டட வேலைக்காரர்களின் கணக்கு. இப்படி நனைந்து ஊறிய சுவரைக் காயவைக்க, அறையை மூடி, இயந்திரத்தையும் காற்றாடியையும் சேர்த்து ஓட்டுவது உண்மையாகவே பயன் தரும். இதற்காக வீட்டுக்கொன்று வாங்கத் தேவையில்லை. நான்கு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கி முறைபோட்டுக்கொள்ளலாம். கோயிலிலோ மண்டபத்திலோ பொதுவாக ஒன்று வைத்திருந்தாலும் போதும்.

கூரை ஒழுகினால், சுவர் வெடித்திருந்தால் யார் பழுது பார்ப்பது? முன்னே சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், 446ஆம் எண் சட்டம், துணை நிற்கிறது. வீட்டை நல்ல நிலையில் பராமரிப்பது முதலாளியின் பொறுப்பு. மண்டோரிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போகும். எந்த வீடு, எந்த இடத்தில் ஒழுகல், எத்தனை நாளாக என்று தேதி போட்டு எழுதி, கைப்பேசியில் படமும் பிடித்து ஆபீசில் கொடுங்கள். நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் சங்கக் கிளையும் தொழிலாளர் இலாகாவும் இருக்கின்றன. எழுதத் தயங்குபவர்கள் பள்ளிக்கு வாருங்கள். எந்த ஆசிரியரும் எழுதித் தருவார்.

அடுக்குமாடியில் மேல்வீட்டிலிருந்து உங்கள் உத்தரத்தில் ஒழுகினால் மேல்வீட்டு அம்மாவோடு சண்டை வேண்டாம். நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைப்படி, தெரிவித்த 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை, கசிவு மேல்வீட்டிலிருந்தே வருகிறது என்றுதான் அந்த விதி எடுத்துக்கொள்கிறது.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால், வகுப்பறையில் இருந்து பார்ப்பவருக்குப் பதில் தெரியும். மழைக்காலத்தில் சில பிள்ளைகள் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. வந்தாலும் இரவெல்லாம் இருமித் தூக்கம் கெட்ட கண்களோடு வருவார்கள். அவர்களின் நோட்டுப் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனால் அந்த ஈர வாடை அடிக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூல், ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் வாழ்பவர்களுக்கு இருமல், மூச்சிளைப்பு, ஆஸ்துமா ஆகியவை அதிகம் என்று சொல்கிறது. மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியும் ஈரத்தில்தான் பெருகும். ஈரப்பதம் 50க்குக் கீழே போனால் அதற்கு வாழ்வில்லை. நம் ஊரில் 50க்கு இறக்குவது கடினம். 60 அளவில் நிறுத்தினாலே பிள்ளைக்கு நிம்மதி. ஆனால் இழுப்பு உள்ள பிள்ளைக்கு இயந்திரம் வாங்கிவிட்டோம் என்று கிளினிக் கொடுத்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

சுவரில் உள்ள பூசணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். அதன் தூள் முழு வீட்டிலும் பரவும். மூக்கைக் கட்டிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். குளோரோக்ஸ் போடுகிறவர்கள் அதோடு வினிகரையோ கழிவறை கழுவும் ஆசிட்டையோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதைச் சுரண்டவும் தேய்க்கவும் வேண்டாம்.

இனி, வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு. ஃபிளாஸ்க் அளவில், மிகக் குறைந்த விலையில் விற்கும் சின்னப் பெட்டிகளில் கம்பிரசர் கிடையாது. ஒரு நாளைக்குக் கால் லிட்டர், அரை லிட்டர் எடுத்தால் பெரிது. ஓர் அலமாரிக்கு ஆகும்; அறைக்கு ஆகாது. பெரிய பெட்டியில் "நாளைக்கு 10 லிட்டர்" என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் 30 டிகிரி வெப்பத்திலும் 80 ஈரப்பதத்திலும் அளந்த கணக்கு. அறை காயக் காய அந்த அளவு பாதிக்கும் குறையும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். 250 வாட் பெட்டியை இரவில் எட்டு மணி நேரம் ஓட்டினால் 2 யூனிட். மாதத்துக்கு 60 யூனிட். உங்கள் பில்லை எடுத்து 60 யூனிட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். கையோடு ஓர் ஈரமானியும் வாங்குங்கள். பெட்டியின் விலையோடு பார்த்தால் அது மிக மலிவு. அது 60 காட்டியதும் பெட்டியை அணைத்துவிடலாம்.

தொட்டித் தண்ணீரைத் தினமும் கொட்டுங்கள். ஊருக்குப் போகும்போது தேங்கவிட்டால் ஏடிஸ் கொசு வந்து முட்டையிடும்; டெங்கியை நாமே வளர்த்ததாகும். அந்தத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் குடிக்கக் கூடாது. தரை துடைக்கலாம், பூச்செடிக்கு ஊற்றலாம். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். பழைய வயர் ஓடும் வீடுகளில் ஒரே பிளக்கில் ஐஸ்பெட்டி, ரைஸ் குக்கர், இது எல்லாவற்றையும் சேர்த்து மாட்ட வேண்டாம்.

இயந்திரம் வாங்க முடியாதவர்களும் வாங்கத் தேவையில்லாதவர்களும் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ஈபிஎஃப் கடிதம் இவற்றை மெத்தைக்கு அடியிலும் சுவரை ஒட்டிய பெட்டியிலும் வைக்காதீர்கள். முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பெற்றோர் சிலர் எழுத்தே தெரியாமல் கறுத்துப்போன பிறப்புப் பத்திரத்தோடு வந்து நிற்பதும், பிறகு நகல் வாங்கப் பதிவிலாகாவுக்கு வேலையை விட்டு அலைவதும் நடக்கிறது. பிஸ்கட் டின் ஒன்றை வெயிலில் நன்றாகக் காயவைத்து, பத்திரங்களைத் தாளுறையில் போட்டு அதில் வையுங்கள். புதுக் காலணிப் பெட்டியில் சின்னப் பொட்டலமாக மணிமணியாக ஒன்று வருமே, அந்தச் சிலிக்கா பொட்டலம் நான்கைந்தைச் சேர்த்துப் போடுங்கள். பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தரையிலிருந்து உயரமான இடத்தில், வெளிச்சுவரைத் தொடாமல் வையுங்கள். தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது ஒரு முறை திறந்து, வெயில் நேரத்தில் காற்றாட வைத்து, புதுப் பொட்டலம் மாற்றி மூடுங்கள்.